ஆற்றுக்கு மேலே ஒரு கிராமம்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பவர்களுக்கு இன்று சிறிது ஏமாற்றம் ஏற்படலாம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது கைக்கு முழுதாக வந்து சேருகிறதா என்பதைச் சென்ற கூட்டத்திலேயே விரிவாகப் பேசிவிட்டோம். இன்று நாம் பேசப் புகுவது நம் ஆற்றின் தலைமாட்டில், மலைக்காட்டில் வாழும் மக்களைப் பற்றி. அவர்கள் கதைக்கும் நம் கதைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அந்த உறவு மிக நெருங்கியது என்பதே நம் எண்ணம்.

சிலாங்கூர் ஆற்றை நாம் எல்லோரும் அறிவோம். பிரேசர் மலைப் பக்கத்துக் காடுகளில் ஊற்றெடுத்து, கோலகுபுபாருவைத் தொட்டு, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் நம் பட்டணத்தைக் கடந்து, கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரங்களுக்கிடையே நெளிந்து, கோலசிலாங்கூரில் கடலில் விழுகிறது. ஏறத்தாழ எழுபது மைல் தூரம். கோலாலம்பூர் மாளிகைகளில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றுத் தண்ணீர்தான். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்கள் நாம். மேல்பகுதியில் இருப்பவர்கள் தெமுவான் மக்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம் லயங்களில் இன்றும் பலர் அவர்களைச் 'சக்காய்' என்கிறார்கள். சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லாமலிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு அடிமை, காட்டான் என்ற பொருளெல்லாம் ஏறிக் கிடக்கிறது. பழங்காலத்தில் அவர்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற கொடுமையும் நடந்ததுண்டு. நம்மைக் 'கெலிங்' என்று கூப்பிட்டால் நமக்கு எப்படி நெஞ்சு கொதிக்கிறது! அவர்களுக்கும் நெஞ்சு ஒன்றுதான். ஓராங் அஸ்லி என்றால் பூர்வ குடிகள் என்று பொருள். தீபகற்பத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், பதினெட்டுப் பிரிவினர். அவற்றுள் ஒரு பிரிவினரே தெமுவான் மக்கள்.

கோலகுபுபாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில், 1951 அக்டோபரில் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியைச் சுட்டுக் கொன்றார்களே, அதே மலைப்பாதையில், பெர்த்தாக் என்று ஒரு தெமுவான் கிராமம். அதற்கருகே கெராச்சி என்று இன்னொன்று. மூங்கிலும் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகள், சுற்றிலும் பாட்டன் காலத்து டுரியான் மரங்கள், ஓடையில் மீன், காட்டில் பிரம்பு, மூங்கில், பெத்தாய், காஹாரு என்னும் அகில் கட்டை. ஊருக்குத் தலைவர் பாத்தின். டுரியான் பருவம் வந்துவிட்டால் குடும்பமே மரத்தடியில் குடிசை போட்டு இரவெல்லாம் பழம் விழும் ஓசைக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும். எந்த மரம் யார் நட்டது, யாருக்குச் சேர்ந்தது என்பது எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த மரங்கள்தாம் அவர்களுடைய கிராண்ட், அவர்களுடைய பட்டா.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். அவர்களில் பலரும் நம்மைப் போலவே பால் மரம் வெட்டுகிறவர்கள். விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய்க் கோடு போட்டு, மங்கில் வடிந்ததை உறைய விட்டுக் கட்டிப்பாலாக வியாபாரியிடம் போடுகிறார்கள். பிரட்டுக் களம் இல்லை, கங்காணி இல்லை, கிராணியின் அதட்டல் இல்லை. அதைக் கேட்டு நமக்குக் கொஞ்சம் பொறாமைகூடத் தோன்றலாம். ஆனால் எடைக்கல்லும் விலையும் வியாபாரி கையில். மழைக்காலத்தில் அரிசிக்கும் சீனிக்கும் கடன். பழக்காலத்தில் கடனுக்குப் பழம். கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை எதிர்த்துக் கேட்க நமக்காவது ஒரு சங்கம் இருந்தது.

காட்டு வாழ்க்கையை நாம் சொர்க்கம் என்று வருணிக்க வரவில்லை. பட்டணத்திலிருந்து காரில் வந்து, அருவியில் குளித்து, படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும். பிரசவ வலி எடுத்த பெண்ணை இரவில் மலைப்பாதையில் இறக்கிக்கொண்டு வருவது என்ன என்பது தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியும். நம் தாய்மார்களில் எத்தனை பேர் லாரியிலே பெற்றவர்கள்!

நோயைப் பற்றிப் பேசும்போது பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1901-ல் கிள்ளானுக்கு மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர் வந்தார். தோட்டங்களில் நம் பாட்டன்மார் மலேரியாவால் கொத்துக் கொத்தாய்ச் செத்த காலம் அது. கடற்கரைச் சமவெளியில், அதாவது நம் பக்கத்தில், காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வாய்க்கால் வழியே வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. சரி, இதுதான் மருந்து என்று மலைத் தோட்டங்களிலும் காட்டை வெட்டினார்கள். அங்கே காய்ச்சல் ஓயவில்லை. பொல்லாத வேகத்தில் ஏறியது. காரணத்தை வாட்சன் கண்டுபிடித்தார். சமவெளிக் கொசு நிழலில் பெருகுவது. மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகுவது. நிழல் மூடிய ஓடை வாய்திறந்ததும் கொசுவுக்குக் கொண்டாட்டமாயிற்று. மரத்தைத் தொட்டால் எது எது பின்னால் வரும் என்பதைத் துரைமார்கள் கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கின் மிச்சத்தைக் கட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

அவசரகாலத்திலும் இப்படித்தான். 1948-ல் தொடங்கிய அந்த ஆண்டுகளில் நம் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். அதே 1948 டிசம்பரில், இங்கிருந்து தூரமில்லாத பத்தாங் காலியில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். காட்டு மக்களையும் விட்டுவைக்கவில்லை. போராளிகளுக்குச் சோறு போட்டுவிடுவார்கள் என்று அவர்களைக் காட்டிலிருந்து இறக்கி, வெட்ட வெளியில் முகாம் போட்டு அடைத்தார்கள். காட்டுக் கிழங்கும் குளிர்ந்த நிழலும் இல்லாமல், நோயினாலும் ஏக்கத்தினாலும் பெருந்தொகையினர் மாண்டார்கள். பிறகுதான் சர்க்காருக்குப் புத்தி வந்து, காட்டுக்குள்ளேயே நிலையங்கள் அமைத்து, மருந்தும் பள்ளியும் கொண்டு போயிற்று.

இனி அணைக்கட்டுக்கு வருவோம். கோலகுபு மக்களுக்கு அணை புதிதல்ல. 1883 அக்டோபரில் பழைய அணை உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போனது. ஜில்லா மாஜிஸ்திரேட் சிசில் ரேங்கிங் என்பவரும் வெள்ளத்தில் மாண்டார். அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுடச் சொன்னதால் வந்த சாபம் என்று அங்கே இன்றும் கதை சொல்வார்கள். அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்று ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது.

1998-ல் கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தண்ணீர்ப் பஞ்சம். வாளியும் கையுமாகப் பட்டணத்தார் வரிசையில் நின்றார்கள். உடனே ஆற்றின் தலையில் பெரிய அணை கட்டுவதென்று முடிவாயிற்று. 2000-ஆம் ஆண்டு வாக்கில் வேலை தொடங்கியது; ஏறத்தாழ 110 மீட்டர் உயரத்துக்கு மலைக்கும் மலைக்கும் இடையே கல்லணை எழுந்தது. கெராச்சி, பெர்த்தாக் ஆகிய இரண்டு கிராமங்களும் இடம் பெயர வேண்டியதாயிற்று. புதிதாகக் கல்வீடு, மின்சாரம், குழாய்த் தண்ணீர், தார்ப்பாதை எல்லாம் வந்தன. வேண்டாம் என்று சொன்னவர்கள் அந்த மக்களுக்குள்ளே இருந்தார்கள். பிள்ளைகள் படிக்கட்டுமே, போவோம் என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு கட்சியையும் நாம் குறை சொல்ல மாட்டோம். நம் தோட்டங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தபோது ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நின்றதை நாம் பார்க்கவில்லையா?

ஆனால் கல்வீட்டைச் சுற்றி டுரியான் மரம் ஒரே நாளில் முளைப்பதில்லை. கொட்டை போட்டு வளர்த்த மரம் காய்க்கப் பல வருஷம் ஆகும். ஓடை ஏரியானபின் பழைய மீன்பிடி இல்லை. சமைக்கக் காஸ் வாங்க வேண்டும், விளக்குக்குப் பில் கட்ட வேண்டும். ஆகவே கூலி வேலைக்குப் போகவேண்டும். கூலி என்ற வார்த்தை வந்துவிட்டதா, நம் ஊருக்கு வந்துவிட்டார்கள் என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1954-ல் நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதே 1954-ல்தான் பூர்வ குடிகளுக்கென்று தனிச் சட்டமும் பிறந்தது. அவர்கள் இருக்கும் இடத்தை ஒதுக்கீட்டு நிலமாகச் சர்க்கார் அறிவிக்கலாம்; வேண்டுமானால் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறவும் செய்யலாம். நிலத்தை எடுத்தால் அவர்கள் நட்ட பழமரத்துக்கு ஈட்டுத்தொகை நிச்சயம். நிலத்துக்கோ, கொடுத்தால் உண்டு. இதைத்தான் நெடுங்காலம் அதிகாரிகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மரம் உன்னுடையது, மண் உன்னுடையதல்ல என்றார்கள்.

இந்தக் கட்டை அவிழ்த்தவர்கள் அந்த மக்களேதான். ஜொகூரில் லிங்கியூ அணைக்காகக் காட்டை இழந்த ஜக்குன் மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். காட்டில் தேடித் திரிந்து பிழைக்கும் உரிமைக்கும் விலை உண்டு என்று 1997-ல் தீர்ப்பு வந்தது. அடுத்தது நம் சிலாங்கூரிலேயே நடந்தது. டெங்கில் பக்கத்தில் புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் நிலத்தில் 38 ஏக்கரை, விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு என்று எடுத்தார்கள், வீடுகளை இடித்தார்கள், மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் பணம் என்றார்கள். சாகோங் பின் தாசி என்பவரும் இன்னும் ஆறு பேரும் வழக்குத் தொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஆண்டு வரும் நிலம் அவர்களுக்கே சொந்தம், நில ஆர்ஜிதச் சட்டப்படி மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2002-ல் ஷாஆலம் உயர்நீதிமன்றம் கூறியது. 2005-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பூர்வ குடிகளைக் காக்கும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு என்றும் சொன்னது. கடைசியில் 2010-ல் 65 லட்சம் வெள்ளிக்கு வழக்கு முடிந்தது. இடித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ பதினைந்து வருஷம். எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஏழு பேர் பதினைந்து வருஷம் விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்கிறார்கள், தோழர்களே.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். இங்கே பெஸ்தாரி ஜெயாவை ஒட்டித் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-ல் ஹென்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், வியாபார முறையில் செம்பனையை மலாயாவில் முதன்முதலாக நட்ட இடம் அதுதான். பெயர் தமிழ்ப் பெயர். நட்ட கை தமிழன் கை. அந்தப் பனை நாடு முழுவதும் பரவி, ரப்பர் மரங்களைச் சாய்த்து, நம் வேலையையும் லயத்தையும் சேர்த்துச் சாய்த்தது. மண்ணில் நம் பெயர் இருக்கிறது; கிராண்டில் மட்டும் இல்லை.

காட்டு மக்களுக்குக் கோர்ட்டார் கண்டுபிடித்துக் கொடுத்த வழக்காற்று உரிமை நமக்குக் கிடையாது. லயம் வேலைக்காகக் கொடுத்த வீடு. 1990-ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம், இருக்கும்வரை வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், ஆயாக்கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும். வேலை போனபின் எங்கே போவது என்று சொல்லாது. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க விதிகளைப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தவனுக்கு வருஷத்துக்கு இருபது நாள் சம்பளம். முப்பது வருஷம் கோடு போட்டவனுக்கு அறுநூறு நாள் சம்பளம். அதை வைத்துக்கொண்டு இன்று ராவாங்கில் ஒரு வீட்டின் வாசற்படிகூட வாங்க முடியாது.

மேரி தோட்டம், நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்களின் கதை உங்களுக்குப் புதிதல்ல. தோட்டம் கைமாறியது, வேலை போயிற்று, வீடு வரும், வீடு வரும் என்று இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டைப் பார்க்காமலே கண்ணை மூடினார்கள். 2023-ல்தான் 245 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடிக்கல் நாட்டியதற்கு நன்றி சொல்வோம். ஆனால் தாமதத்துக்கு யார் வட்டி கட்டுவது?

1950-களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும் நம்மவர்கள் நடுத்தெருவில்தான் நின்றார்கள். அப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1960-ல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடமே பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். மண் நமக்கும் சொந்தமாகலாம் என்று பாட்டாளிக்குக் காட்டிய காரியம் அது. அந்த வேகம் எல்லாத் தோட்டத்துக்கும் எட்டியிருந்தால் இந்த உரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உள்காட்டுப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிக்கே விடுதியில் தங்க வேண்டியிருக்கிறது. 2015-ல் கிளந்தானில் போஸ் தோஹோய் என்ற இடத்தில், ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்குமென்று பயந்து, ஏழு சிறு பிள்ளைகள் விடுதியை விட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு இரண்டு பேரை மட்டும் உயிரோடு கண்டெடுத்தார்கள். ஐந்து பேர் மாண்டுவிட்டார்கள். வீட்டில் பேசும் பாஷை ஒன்று, பள்ளியில் ஒன்று. வீட்டில் அன்பு, விடுதியில் பயம். அந்தப் பிள்ளைகள் படிப்பை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று ஆபீசில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவர்கள், அந்த விடுதியில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி எவ்வளவு சிறியதானாலும், பிள்ளை சாயந்தரம் அம்மாவிடம் வந்து படுத்துக்கொள்கிறது. நாலு பிள்ளைகள்தானே, மூடிவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

எதிர்காலம் முழுதும் இருட்டு என்று கூறுவதற்கில்லை. 2019-ல் கேமரன் மலை இடைத்தேர்தலில் ரம்லி முகமது நூர் வென்று, ஓராங் அஸ்லியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மனிதரானார். 2022-ல் மக்களவைத் துணைச் சபாநாயகர் ஆசனத்திலும் அமர்ந்தார். வக்கீல், ஆசிரியர், தாதி என்று அந்தச் சமூகத்தின் பிள்ளைகளும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். டுரியானுக்கு இன்று பட்டணத்தில் இருக்கும் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மலையில் மரம் வைத்திருப்பவன் பணக்காரனாக வேண்டும். ஆனால் விலை ஏறியதும் நிலத்தின் மேல் கண் வைப்பவர்களும் ஏறிவிட்டார்கள். நிலத்தில் உரிமை எழுத்தில் இல்லாதவரை, நல்ல விலையும் ஓர் ஆபத்துத்தான்.

ஆகையால் கிளைத் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. மலை மக்கள் நிலத்துக்காக மகஜர் கொண்டுவந்தால், இது நம் காரியமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். படித்துப் பார்த்து, நியாயமிருந்தால் கையெழுத்துப் போடுங்கள். நம் பிள்ளைகள் வாயில் அந்தப் பழைய சொல் வந்தால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். தோட்டம் விற்கப்போவதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தால், மானேஜர் நீட்டும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கைநாட்டு வைக்காமல் முதலில் கிளைக்கு வாருங்கள். எவ்வளவு பணம் என்று கேட்பதற்கு முன் வீடு எங்கே, எந்தத் தேதிக்குள், யார் பெயரில் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

புக்கிட் தம்போய் வழக்கில் அந்த மக்கள் வாழ்ந்ததற்குச் சாட்சி மரங்களும், வழிவழியாக வந்த வரலாறும். நம் லயத்தைச் சுற்றி இருந்த மாமரத்தையும் முருங்கையையும் புல்டோசர் எப்போதோ தள்ளிவிட்டது. நம்மிடம் மிஞ்சியிருப்பது காகிதந்தான். அப்பா காலத்துச் சம்பளச் சீட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய சங்கச் சந்தா ரசீது, எதுவானாலும் தகரப் பெட்டியிலிருந்து கரையான் எடுப்பதற்கு முன் நீங்கள் எடுத்து வாருங்கள். கிளைச் செயலாளர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி முதல் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பைல் போடுவதாக ஏற்பாடு. படி எடுக்கும் செலவைக் கிளை ஏற்றுக்கொள்கிறது. அசல் காகிதம் அன்றைக்கே உங்கள் கையில் திரும்ப வந்துவிடும்.